மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்?

படகு வாடகை, நுழைவு நேரம் வேண்டாம். அவை அடிக்கடி மாறும். 1986-இல் அறிவிக்கப்பட்டது, ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் என்ற அடிப்படைக்கு இரண்டு வரி போதும். உயிரினப் பட்டியலையும் நீட்ட வேண்டாம். கடற்பசு கடற்புல்லை மேய்ந்து வாழ்வதை விளக்குங்கள், அதுவே நிறையச் சொல்லும்.

விரிவாக எழுத வேண்டியது மனிதர் கதை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனதும் மண் அரித்தது; பூவரசன்பட்டி உட்பட இரண்டு தீவுகள் மூழ்கின. இதை விட்டால் கட்டுரையே குறைதான். அப்புறம், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்கள். தீவுப் பக்கம் போகத் தடை வந்ததால் அவர்கள் பிழைப்பு அடிபட்டது. வனத்துறை சொல்லும் காரணத்தோடு அவர்கள் தரப்பையும், நம்பகமான செய்திகளை ஆதாரமாக வைத்து, கட்டாயம் எழுதுங்கள்.