ஒரே பெல்ட்டில் இரண்டு கூலி: மாங்கூழ் ஆலைப் பெண்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் நான்கு சீசன்களாக வேலை செய்கிறேன். பழுத்த பெங்களூரா மாம்பழத்தைக் கழுவி, அழுகலைப் பிரித்து, காம்புப் பக்கத்தை நறுக்கி பெல்ட்டில் போடுவது எங்கள் வேலை. பெல்ட்டின் எதிர்ப்பக்கத்தில் ஆறு ஆண்கள் இதே வேலையைச் செய்கிறார்கள். பெண்களுக்கு நாளொன்றுக்கு 420 ரூபாய், அவர்களுக்கு 600 ரூபாய். கேட்டால், "லாரி வந்தால் அவர்கள்தான் பெட்டி இறக்குகிறார்கள், இரவு ஷிப்டுக்கும் வருகிறார்கள், ஊர் முழுக்கப் பெண்ணாள் கூலி இவ்வளவுதான்" என்கிறார் சூப்பர்வைசர். எங்களை வேனில் அழைத்து வரும் மேஸ்திரிதான் எங்கள் கூலியைக் கொடுக்கிறார். ஆண்களுக்கு ஆலை அலுவலகத்தில் கொடுக்கிறார்கள். சீட்டு எதுவும் தருவதில்லை, வெற்று வவுச்சரில் கையெழுத்து வாங்குகிறார்கள். அடுத்த சீசனுக்குக் கூப்பிடமாட்டார்களோ என்ற பயமும் இருக்கிறது. சமமான கூலி கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: உரிமை உண்டு, சகோதரி. அது புதிதாக வந்த உரிமையும் அல்ல. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இதைத்தான் சொல்லி வந்தது. 21.11.2025 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 3, ஒரே வேலையையோ ஒரே தன்மையுள்ள வேலையையோ செய்கிறவர்களிடையே, பாலினத்தைக் காரணம் காட்டி ஊதியத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. இந்தச் சட்டத்துக்கு உட்படுவதற்காக யாருடைய கூலியையும் குறைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்வதால், நீங்கள் கேட்டதற்காக ஆண்களின் 600 ரூபாயை 420 ஆக இறக்கிச் சமன் செய்ய ஆலைக்கு வழியில்லை. இதை எதிர்ப்பக்கத்து ஆறு பேரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் கோரிக்கையால் தங்கள் கூலி குறைந்துவிடும் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்துவிட்டால், உண்மையைச் சொல்ல வேண்டிய சாட்சிகளை நீங்கள் இழந்துவிடுவீர்கள்.

இனி சூப்பர்வைசர் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான். 'ஒரே தன்மையுள்ள வேலை' எது என்பதற்குச் சட்டம் தரும் அளவுகோல், அந்த வேலைக்குத் தேவையான திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவை ஒன்றாக இருக்கின்றனவா, ஒத்த சூழ்நிலையில் அது செய்யப்படுகிறதா என்பதுதான். சிறு வேறுபாடுகள் இருந்தாலும், வேலையின் நிபந்தனைகளைப் பொறுத்தவரை அவை நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கவையாக இல்லாவிட்டால் வேலை ஒன்றாகவே கருதப்படும்.

ஆண்கள் பெட்டி இறக்குகிறார்கள் என்பதை உடனே மறுத்துப் பேசாதீர்கள். எவ்வளவு நேரம் இறக்குகிறார்கள் என்று பாருங்கள். எட்டு மணி நேர வேலையில் லாரி வரும்போது அரைமணி நேரம் பெட்டி இறக்கிவிட்டு மீதி நேரம் முழுவதும் பெல்ட்டில் நிற்கிறவரின் வேலை, என் பார்வையில், உங்கள் வேலையேதான். அந்த அரைமணி நேரத்துக்குத் தனியாக ஏற்றுகூலி, இறக்குகூலி என்று கொடுத்துக்கொள்ளட்டும். அதை முழு நாள் கூலியில் 180 ரூபாய் வேறுபாடாக ஏற்றிவைக்க முடியாது. மாறாக, அந்த ஆறு பேரில் இரண்டு பேர் பெரும்பாலான நேரம் லாரியிலும் பழுக்கவைக்கும் கொட்டகையிலும்தான் இருக்கிறார்கள் என்றால், அந்த இருவரோடு உங்களை ஒப்பிடாதீர்கள். மீதி நான்கு பேர் போதும். ஒப்பீட்டை அகலமாக விரித்து அதில் பலவீனமான ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஓர் ஆளைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருப்பார்.

இரவு ஷிப்டுக்கும் இதே கணக்குத்தான். இரவில் வேலை செய்த நாளுக்குக் கூடுதல் படி கொடுப்பதில் தவறில்லை. பகல் ஷிப்டில் மட்டும் நிற்கும் நாளிலும் அந்த ஆணுக்கு 600 ரூபாய் என்றால், இரவு வேலை அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

'ஊர் வழக்கம்' என்பது சட்டத்தின் முன் ஒரு காரணமே அல்ல. கடலைக்காட்டிலும் நெல்வயலிலும் ஆணாள் கூலி, பெண்ணாள் கூலி என்று பிரித்துப் பேசிப் பழகிய நம் மாவட்டங்களில் இது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்துக்கும் ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண் சுருக்கெழுத்தருக்கும் இடையிலான வழக்கில் 1987இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொழிற்சங்கத்தோடு முறைப்படி செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படியே ஊதியம் கொடுத்தோம் என்ற வாதத்தையும், சமமாகக் கொடுக்க நிதிவசதி இல்லை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தமே துணைக்கு வராதபோது, எழுதப்படாத ஊர் வழக்கம் எப்படி வரும்?

சூப்பர்வைசர் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் ஆலையின் வழக்கறிஞர் கட்டாயம் சொல்லப்போகிற வாதம் ஒன்று உண்டு. பிரிவு 3 'ஒரே முதலாளி' கொடுக்கும் ஊதியத்தைப் பற்றியது. பெண்கள் மேஸ்திரியின் ஆட்கள், ஆண்கள் ஆலையின் ஆட்கள், ஆகவே ஒப்பிட முடியாது என்பார் அவர். உங்களுக்கு ஒரு கையிலும் ஆண்களுக்கு வேறு கையிலும் பணம் வருவது இதற்காகத்தானோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் சட்டத் தொகுப்பு, நேரடியாகவோ வேறொருவர் மூலமாகவோ வேலைக்கு வைப்பவரை முதலாளி என்கிறது. மேஸ்திரி கொடுக்கத் தவறிய ஊதியத்துக்கு ஆலை உரிமையாளரைப் பொறுப்பாக்குகிறது பிரிவு 43. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கிலும், ஒப்பந்ததாரர்கள் சம ஊதியச் சட்டத்தைக் கடைப்பிடிக்கச் செய்யும் கடமை வேலையைக் கொடுத்த அரசு அமைப்புகளுக்கு உண்டு என்றே உச்ச நீதிமன்றம் கூறியது. எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகலாம் என்று உங்களுக்குச் சொல்வது ஆலையின் சூப்பர்வைசரா, மேஸ்திரியா என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். இந்த வாதத்தை உடைக்க அந்த ஒரு வரி பெரிதும் உதவும்.

சான்றுகளைப் பொறுத்தவரை, வருகைப் பதிவேடும் ஊதியப் பதிவேடும் வைப்பதும், ஊதியச் சீட்டு கொடுப்பதும் முதலாளியின் கடமை. கூலி கொடுக்கப்பட்டுவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. ஆனால் இரண்டு வேலைகளும் ஒன்றுதான் என்பதை நீங்கள்தான் காட்டியாக வேண்டும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். தேதி, பெல்ட்டில் யார் யார் நின்றார்கள், லாரி எத்தனை மணிக்கு வந்தது, யார் எவ்வளவு நேரம் இறக்கினார்கள், அன்று உங்கள் கையில் வந்த தொகை என்ன என்று இரண்டு வாரம் அன்றன்றே எழுதி, உடன் வேலை செய்யும் இரண்டு பெண்களையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். பிறகு நினைவிலிருந்து ஒரே நாளில் எழுதிய நோட்டு குறுக்கு விசாரணையில் நிற்காது. வெற்று வவுச்சரில் இனிக் கையெழுத்திட வேண்டாம். தவிர்க்கவே முடியாவிட்டால், பெற்ற தொகையை உங்கள் கையாலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே 600 என்று எழுதிவிட்டு 420 கொடுப்பதும் நடக்கக்கூடியதே.

மனுவைக் கிருஷ்ணகிரியில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடமும் ஒரு பிரதி கொடுக்கலாம், ஆனால் அதையே போதுமென்று விட்டுவிடாதீர்கள். பாக்கித் தொகைக்கான கோரிக்கையைப் பிரிவு 45இன்கீழ் அதற்கென உள்ள அதிகாரி முன் தாக்கல் செய்ய வேண்டும். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. நாளுக்கு 180 ரூபாய் வீதம் 90 நாள் சீசனுக்கு 16,200 ரூபாய் பாக்கி. இதற்கு மேல், அந்தத் தொகையைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். பத்து மடங்கும் கிடைத்துவிடும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். 21.11.2025க்கு முந்தைய சீசன்களின் பாக்கி பழைய சட்டத்தின்கீழ் எழுந்த உரிமை. சட்டம் நீக்கப்பட்டதால் அது அழிந்துவிடவில்லை, ஆயினும் அதைத் தனியாகக் கணக்கிட்டுக் காட்டுங்கள். அந்தப் பாக்கிக்கும் பத்து மடங்கு கேட்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். 420 ரூபாய் அரசு அறிவித்துள்ள குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இருக்கிறதா என்பதையும் அதே அலுவலகத்தில் கேளுங்கள். கீழே இருந்தால் அது வேறொரு தனிக் கோரிக்கை.

உங்கள் பயத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சீசன் நடக்கும்போது புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால் அதை எதிர்த்து வாதாட நல்ல இடமுண்டு. அடுத்த மே மாதம் வேன் உங்கள் தெருவுக்கு வராமலே போனால், பழிவாங்கல்தான் காரணம் என்று நிரூபிப்பது கடினம். ஆகவே தனியாகப் போகாதீர்கள். ஓர் ஆலையின் எத்தனை தொழிலாளர்களுக்காகவும் ஒரே மனு போடச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கமோ, தொழிலாளர் துறை ஆய்வாளரோ உங்களுக்காக மனு போடவும் முடியும். ஒரு பெண்ணை விட்டுவிட்டு வேனை ஓட்டலாம். பழம் அழுகிக்கொண்டிருக்கும் ஜூன் மாதத்தில் முப்பது பெண்களை விட்டுவிட்டு ஓட்ட முடியாது.

வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணித் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஆதார் அட்டையோடும் அந்த நோட்டுப் புத்தகத்தோடும் நேரில் செல்லலாம். நோட்டின் நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.