முதலில் கையைச் சொல்லுங்கள், பிறகு உலோகம்

நிச்சயதார்த்த மோதிரம், திருமண மோதிரம் பற்றி வந்த கேள்விகளில் பாதி, "எது சிறந்த உலோகம்?" என்றே தொடங்குகின்றன. பல ஆண்டுகள் நகைப்பட்டறையில் உட்கார்ந்த பிறகும் அதற்கு என்னிடம் விடையில்லை. அணியப்போகும் கை நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறது என்று சொன்னால் ஏதாவது சொல்ல முடியும்.

கேள்வி: வைர மோதிரத்தை 22 காரட்டில் கேட்டேன். நகைக்காரர் 18 காரட்தான் நல்லது என்கிறார். தங்கத்தைக் குறைத்து லாபம் பார்க்கிறாரா ஐயா?

சந்தேகம் நியாயமானது, ஆனால் இந்த முறை அவர் சொல்வது சரி. 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், 18 காரட்டில் 75 சதவீதம். மீதி பெரும்பாலும் வெள்ளியும் செம்பும். மென்மையான தங்கத்துக்கு உறுதி தருவது அந்தக் கலப்புதான். கல்லைப் பிடித்திருக்கும் கால்கள் மெல்லிய கம்பிகள். 22 காரட்டில் செய்தால், துணியில் மாட்டி நாலு முறை இழுபட்டாலே அவை விலகிவிடும். பிறகு கல்லைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 22 காரட்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், கால்களை விட்டுவிட்டுக் கல்லைச் சுற்றி முழு விளிம்பு கட்டச் சொல்லுங்கள். கல் இல்லாத வெறும் வளையத்துக்கு 22 காரட் தாராளமாகப் போதும். தங்கத்துக்கான விலையை 75 சதவீதத்துக்குத்தான் போட்டிருக்கிறாரா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளைத் தங்க மோதிரம் ஒன்றரை ஆண்டில் மஞ்சளாகிவிட்டது. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. பூமியிலிருந்து எடுக்கும் தங்கம் எப்போதும் மஞ்சள்தான். நிக்கலோ பல்லேடியமோ கலந்து வெளுக்கச் செய்கிறார்கள். அப்போதும் ஒரு மங்கல் சாயல் மிஞ்சும். அதை மறைக்க மேலே ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தின் பூச்சு. உங்கள் மோதிரத்தில் தேய்ந்தது அந்தப் பூச்சு. தினமும் அணிந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சு தேவைப்படும். விற்றவர் இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், அதில் எனக்கும் கோபம்தான்.

கேள்வி: அப்படியானால் பிளாட்டினம் வாங்கினால் கீறலே விழாதா?

விழும், தாராளமாக விழும். ஆனால் தங்கம் உரசினால் உலோகம் துளித்துளியாகத் தேய்ந்து போகிறது. பிளாட்டினத்தில் உலோகம் பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கி அங்கேயே நிற்கிறது. சில ஆண்டுகளில் பளபளப்பு அடங்கி ஒரு சாம்பல் மங்கல் வரும். அது எனக்குப் பிடிக்கும், பிடிக்காதவர்கள் மெருகேற்றிக்கொள்ளலாம். அதே அளவு 18 காரட் மோதிரத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை கூடும், முதல் வாரம் விரலுக்குத் தெரியும். பழுது பார்க்க அதற்குப் பழகிய கை வேண்டும்: தங்கம் 1064 பாகை செல்சியஸில் உருகும், இதற்கு 1768 வேண்டும்.

கேள்வி: மோதிரம் போட்ட இடத்தில் அரித்துச் சிவக்கிறது.

நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் உறுதிசெய்யுங்கள். அதுதான் என்றால் பல்லேடியம் கலந்த வெள்ளைத் தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் ஆகியவற்றில் ஒன்று. சோப்பு நுரை வளையத்துக்குள் தங்கினாலும் இப்படி ஆகும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி: கணவர் கடைசல் எந்திரத்தில் வேலை செய்கிறார். கீறாத டங்ஸ்டன் மோதிரம் வாங்கலாமா? விரல் வீங்கினால் வெட்ட முடியாது என்கிறார்களே?

கடைகளில் கிடைப்பது டங்ஸ்டன் கார்பைடு. வைரம்போன்ற சில பொருள்களைத் தவிர எதுவும் அதைக் கீறாது. ஆனால் கடினமானது நொறுங்கும்: கல் தரையில் விழுந்தால் இரண்டாகலாம். வழக்கமான மோதிர வெட்டியால் அதை வெட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் பூட்டுக் குறடால் (கவ்விய பிடியை அப்படியே பூட்டி வைக்கும் குறடு) மெல்ல மெல்ல இறுக்கினால் விரிசல் விட்டுக் கழன்றுவிடும், விரலை இழக்க வேண்டியதில்லை. பெரிய குறை வேறு: அளவை மாற்றவே முடியாது. பத்து ஆண்டில் விரல் பருத்தால் புது மோதிரம்தான். டைட்டானியம் எடை குறைவு, தோலை உறுத்தாது. அதிலும் அளவு மாற்றுவது கடினம்.

இதையெல்லாம்விட முக்கியமானது, சுழலும் எந்திரத்தின் முன் எந்த மோதிரமும் வேண்டாம். மாட்டி இழுத்தால் விரலோடு போகும். கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்வதும் அங்கே ஆபத்துதான். வேலைக்குப் போகுமுன் கழற்றிப் பெட்டியில் வைக்கட்டும்.

கேள்வி: வெள்ளி?

925 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உள்ளது, அழகு. ஆனால் கறுக்கும், எளிதில் நெளியும். கல் பதித்துத் தினமும் அணியப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: நீச்சல் குளத்துக்குத் தினமும் போகிறேன்.

குளோரின் கலப்புத் தங்கத்தை அரிக்கும். நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தில் கால்கள் விரிசல் விட்டு ஒடிவதைப் பார்த்திருக்கிறேன். கழற்றிவிட்டு இறங்குங்கள், அல்லது பிளாட்டினம்.

கேள்வி: பாட்டியின் பழைய மோதிரத்தை உருக்கி எங்கள் இருவருக்கும் வளையம் செய்யலாமா?

செய்யலாம், அப்படியே உருக்கி ஊற்றாதீர்கள். பழைய பற்றவைப்புகள் தங்கத்தின் மாற்றை, அதாவது தூய்மையை, குறைத்திருக்கும். யாராவது ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் இன்னும் மோசம்: சிறிதளவு ஈயமே தங்கத்தை நொறுங்கச் செய்துவிடும், கம்பியாக இழுக்கும்போது பிளந்துகொள்ளும். முதலில் சுத்திகரித்து, பிறகு புதிதாகக் கலப்புச் சேர்க்கச் சொல்லுங்கள். வளையத்தின் உள்பக்கம் ஏதாவது எழுத்து செதுக்கியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் நான் உருக்கமாட்டேன். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புது வளையத்தில் பற்றவைப்பேன்.