ரிப்பேரான பீங்கான் ஜாடி: நான்கு லட்சம் கேட்கும் முன்

கேள்வி: ரங்கூனிலிருந்து தாத்தா கொண்டுவந்த நீல-வெள்ளைப் பீங்கான் ஜாடி. விளிம்பில் சில்லு பெயர்ந்து, கழுத்தில் விரிசல். மண்ணடியில் ஒருவரிடம் 22,000 ரூபாய் கொடுத்துச் சரிசெய்தோம். எட்டே மாதத்தில் விளிம்பு மஞ்சளடித்து, பூவேலை திட்டுத்திட்டாகத் தெரிகிறது. கேட்டால் அம்மாவை ஏளனமாகப் பேசுகிறார். மகன் மூலம் லண்டன் ஏலத்தில் நான்கு லட்சத்துக்கு விற்க இருந்தோம். அந்தப் பணம் கிடைக்குமா? - வாசகர், ராயபுரம்

பதில்: அவர் பேசியதை நோட்டீஸில் இரண்டு பக்கம் எழுத வேண்டாம். மஞ்சளும் பலவீனமான புகார்தான். ஒட்டப் பயன்படும் எபாக்ஸி பசை நாளானால் மஞ்சளிக்கும். ‘வெயிலில் வைத்தார்கள்’ என்று ஒரே வரியில் நழுவிவிடுவார். பார்க்க வேண்டியது ஒன்றே: உடைந்த இடத்தைத் தாண்டி நல்ல கிளேஸில், அதாவது பீங்கான் மேலுள்ள கண்ணாடி போன்ற படலத்தில், கை வைத்தாரா?

அசல் நீலம் கிளேஸுக்கு அடியில் சூளையில் வெந்தது. அவர் அடித்தது மேலே நிற்கும் பெயின்ட். ஒட்டு தெரியாதிருக்க ஸ்ப்ரேயை நல்ல இடத்துக்கும் இழுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அதை எடுத்துவிடலாம். ஒட்டைச் சமன்செய்ய உப்புத்தாள் போட்டு அசல் கிளேஸைத் தேய்த்திருந்தால்தான் மீளாது. பெயின்ட் முடியும் ஓரத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: ஒரே போக்கில் ஓடும் பொடிக்கீறல், பளபளப்பு செத்த பட்டை. அது இருந்தால் வழக்கு. இல்லாவிட்டால் சமரசம்.

கட்சிக்காரர்கள் கெடுத்துக்கொள்வது இங்கேதான். பெயின்ட்டா என்று பார்க்க நெயில்பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்துத் துடைப்பார்கள். அதில் அசிட்டோன் இருந்தால் பெயின்ட்டோடு சாட்சியமும் கரைந்துவிடும். ‘கெடுத்தது மனுதாரரே’ என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். அல்லது வேறொருவரிடம் கொடுத்து எல்லாவற்றையும் உரித்துவிட்டு வருவார்கள். நுகர்வோர் ஆணையம் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணத்தையும் வைத்துத்தான் விசாரிக்கும், உங்கள் நினைவை வைத்து அல்ல. எனவே முதலில் இருட்டறையில் 365 நானோமீட்டர் யூ.வி. டார்ச் அடித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். மேல்பூச்சு பல நேரம் வேறு நிறத்தில் ஒளிரும். சில பூச்சுகள் ஒளிராது, ஆகவே டார்ச்சை மட்டும் நம்பாமல், பீங்கான் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். எதையும் உரிப்பது அதற்குப் பிறகே. அவர் கொடுத்த எஸ்டிமேட்டில் ‘சில்லு, விரிசல்’ என்று மட்டும் இருந்தால் அது தங்கம். ஜாடியை வாங்கிய அன்று வாட்ஸ்அப்பில் ‘சூப்பர் சார்’ என்று அனுப்பியிருந்தால் அதை அவர் தாக்கல் செய்வார். இப்போதே அதற்குப் பதில் யோசியுங்கள்.

நான்கு லட்சத்தை மறந்துவிடுங்கள். நீங்கள் கொடுத்தது உடைந்த ஜாடி; இழப்பைக் கணக்கிடுவது அந்த உடைந்த ஜாடியின் விலையிலிருந்துதான். அதற்கு முன்கூட்டிய மதிப்பீட்டுச் சான்று உங்களிடம் இல்லை. லண்டன் கதையை நோட்டீஸில் சேர்க்கவே கூடாது. நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. தாத்தா காலத்துச் சொத்து என்று நீங்களே எழுதிவைப்பீர்கள்!

காலக்கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. இருந்தும் கிளேஸ் தேயாதிருந்தால் 22,000 ரூபாயோடு பூச்சை அகற்றும் செலவையும் கேட்டு, ஒப்பந்தம் எழுதி முடித்துக்கொள்ளுங்கள். ‘இலவசமாகத் திரும்பச் செய்து தருகிறேன்’ என்பார். ஜாடியை மட்டும் அவர் கையில் மறுபடி கொடுத்துவிடாதீர்கள்.