கேள்வி-பதில்: மஞ்சள் சட்டையும் எதிர்காற்றும்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்கள் மேசையில் சேர்ந்துவிட்டன. இதழுக்கு ஒன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டுப் பந்தயமே வந்துவிடும் என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மூன்று வாரம் நடக்கும் இந்தப் பந்தயத்தில் ஒரு நாள்கூட முதலாவதாக வராத ஒருவர் மொத்தப் பந்தயத்தையும் வென்றதாகப் படித்தேன். அச்சுப் பிழையா? (வாசகர், கும்பகோணம்)

அச்சுப் பிழை இல்லை. 2017-இல் கிறிஸ் ஃப்ரூம், 2019-இல் எகான் பெர்னால் ஆகிய இருவரும் அப்படித்தான் வென்றார்கள். இது நாளுக்கு ஒன்றாக 21 கட்டங்களாக, இடையில் இரண்டு ஓய்வு நாட்களுடன், ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் நீளும் ஒரே பந்தயம். ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்து, இறுதி நாளில் கூட்டிப் பார்க்கும்போது யாருடைய மொத்த நேரம் மிகக் குறைவோ அவரே வெற்றியாளர். ஒரு கட்டத்தில் முதலில் வருவதற்கெனத் தனிப் பெருமை உண்டு. பெரும்பாலான கட்டங்களில் முதல் மூவருக்கு 10, 6, 4 விநாடிகள் என நேரக் கழிவும் உண்டு. ஆனால் இடைவெளி விடாமல் ஒரே திரளாக வருபவர்கள் அனைவருக்கும் அத்திரளின் முதல் சக்கரம் கோட்டைத் தொட்ட நேரமே எழுதப்படுகிறது. ஆகவே சமவெளி நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தைப் பெறுவது சாதாரணம். மலையேற்றங்களிலும், ஒவ்வொருவரும் தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் நேர ஓட்டங்களிலும்தான் கணக்கு பிரிகிறது.

அந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமாகப் பிரியக்கூடும் என்பதற்கு 1989-ஐச் சொல்ல வேண்டும். கடைசி நாளன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் நேர ஓட்டம். பிரான்சின் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டு உயிர் பிழைத்தவர். அவர் கைகளை முன்னே நீட்டி உடலைத் தாழ்த்தி ஓட்ட உதவும் புதுவகைக் கைப்பிடியைப் பொருத்திக்கொண்டு, மணிக்கு 54 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சராசரி வேகத்தில் ஓட்டினார். ஃபின்யோன் தலைக்கவசம் அணியாமல், பின்னால் முடிந்த கூந்தல் காற்றில் ஆட வந்தார். மூன்று வாரமும் 3,000 கிலோமீட்டருக்கு மேலான தூரமும் முடிந்தபோது லெமாண்ட் 8 விநாடியில் வென்றிருந்தார். ஆண்கள் பந்தயத்தின் வரலாற்றில் இன்றுவரை இதைவிடக் குறைந்த வித்தியாசம் கிடையாது. அந்தக் கூந்தலை வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: வெற்றி பெறுவது ஒருவர். அப்படியிருக்க அணிக்கு எட்டுப் பேர் எதற்கு? மற்ற ஏழு பேர் என்னதான் செய்கிறார்கள்? (வாசகி, திருநெல்வேலி)

திருநெல்வேலிக்காரரான உங்களுக்கு ஆடி மாதக் காற்றை நான் விளக்கத் தேவையில்லை. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர், முன்னால் போகும் மாட்டுவண்டிக்கோ லாரிக்கோ பின்னால் ஒதுங்கியதும் கால் எவ்வளவு இலேசாகிறது என்பதை அறிவார். காற்றே அடிக்காத நாளிலும், மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் தம் முன்னுள்ள காற்றைத் தாமே பிளந்துகொண்டுதான் போக வேண்டும். சமதரையில் அவருடைய உழைப்பில் பெரும்பங்கு இதற்கே செலவாகிறது. இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு அந்த உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். பெருந்திரளின் நடுவில் இருப்பவருக்கு அதைவிடவும் மிச்சம். அந்த ஏழு பேரின் முதல் வேலை இதுதான்: தலைவருக்கு முன்னால் சென்று காற்றை வாங்கிக்கொள்வது. பின்னால் வரும் அணிக் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுப்பது, தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தம்முடையதைக் கழற்றிக் கொடுப்பது, எதிரணியினர் தப்பி முன்னேறினால் துரத்திப் பிடிப்பது ஆகியவை அதற்கடுத்த வேலைகள். பக்கவாட்டில் காற்று வீசும் நாளில் வீரர்கள் சாலையின் குறுக்கே மூலைவாட்டில் அணிவகுக்கிறார்கள்; அந்த வரிசையில் இடம் கிடைக்காதவர் சாலையின் ஓரத்தில் தனித்து விடப்பட்டு, சில கிலோமீட்டருக்குள்ளேயே நிமிடக் கணக்கில் பின்தங்கிவிடுவார். மலையே இல்லாத நாளில் பந்தயம் கைவிட்டுப் போவது இப்படித்தான்.

இவர்களைப் பிரெஞ்சில் 'டொமெஸ்டிக்' என்கிறார்கள். வீட்டு வேலையாள் என்று பொருள். இகழ்ச்சியாகத் தொடங்கிய சொல், இன்று தொழிற்பெயராக நிலைத்துவிட்டது. 1934-இல் ரெனே வியெட்டோ என்ற 20 வயது இளைஞர், பிரெஞ்சு அணியில் அன்டோனின் மாஞ் என்பவருக்குக் கீழ் ஓட்டினார். மலை ஏறுவதில் வியெட்டோவை விஞ்ச ஆளில்லை. பிரனீஸ் மலையின் இறக்கம் ஒன்றில் மாஞ்சின் சக்கரம் உடைந்தபோது, வியெட்டோ தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை ஒரு கல்சுவரில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணீரோடு இருக்கும் அந்தப் படம் பிரான்சில் பெரும்புகழ் பெற்றது. மறுநாள் மாஞ்சுக்கு மறுபடியும் பழுது. முன்னால் போயிருந்த வியெட்டோ, வந்த வழியே மேட்டில் திரும்பி ஏறிச் சென்று இம்முறை சைக்கிளையே கொடுத்தார். மாஞ் பந்தயத்தை வென்றார். வியெட்டோ ஐந்தாம் இடம் பெற்றார். பின்னர் ஒருமுறையும் அவர் இப்பந்தயத்தை வெல்லவில்லை. உங்கள் கேள்விக்கு இந்தப் படத்தைவிடச் சுருக்கமான விடை என்னிடம் இல்லை.

கேள்வி: பரிசுத் தொகை எவ்வளவு? (வாசகர், சேலம்)

மொத்தப் பந்தயத்தை வெல்பவருக்கு 5 இலட்சம் யூரோ. வழக்கப்படி அதை அவர் தம் அணியினரோடும் பணியாளர்களோடும் பகிர்ந்துவிடுவார். மேலே சொன்ன காரணத்துக்குப் பிறகு அது உங்களுக்கு வியப்பாக இருக்காது. முன்னணி வீரர்களின் உண்மையான வருமானம் அணிகள் தரும் ஆண்டுச் சம்பளத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: முன்னிலையில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை ஏன்? மங்கலத்துக்காகவா? (வாசகி, காஞ்சிபுரம்)

நம்மூர்க் கண்ணுக்கு அப்படித் தோன்றுவது நியாயமே. அங்கே காரணம் செய்தித்தாள் வியாபாரம். 1903-இல் 'லோட்டோ' என்ற விளையாட்டு நாளிதழ், போட்டி நாளிதழான 'லெ வெலோ'விடம் வாசகர்களை இழந்து தவித்துக்கொண்டிருந்தது. இளம் செய்தியாளர் ஜியோ லெஃபேவ்ர் பிரான்சையே சுற்றிவரும் பந்தயம் ஒன்றை நடத்தலாம் என்று சொல்ல, ஆசிரியர் ஹென்றி டெக்ராஞ்ச் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார். ஆறே கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். பாரிஸிலிருந்து லியோன் வரையிலான முதற்கட்டம் மட்டும் 467 கிலோமீட்டர் என்பதால் இரவிலும் ஓட்ட வேண்டியிருந்தது. புறப்பட்டவர்கள் 60 பேர், முடித்தவர்கள் 21 பேர். வென்ற மோரிஸ் கரேன் அடுத்தவரைவிட ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்னதாக வந்தார். நாளிதழின் விற்பனை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. 'லெ வெலோ' அடுத்த ஆண்டே மூடப்பட்டது. 'லோட்டோ' அச்சான தாள் மஞ்சள் நிறம். 1919-இல் முன்னிலை வீரரைச் சாலையோர மக்கள் அடையாளம் காண ஒரு தனிச்சட்டை வேண்டும் என்று முடிவானபோது அதே நிறம் வந்து சேர்ந்தது. இன்று பச்சைச் சட்டை முந்தி வருவதற்குத் தரும் மதிப்பெண்களில் முதல்வருக்கும், சிவப்புப் பொட்டுகள் இட்ட சட்டை மலையேற்றத்தில் முதல்வருக்கும், வெள்ளைச் சட்டை இளைய வீரர்களில் முதல்வருக்கும் உரியவை.

மஞ்சள் சட்டையை முதன்முதலில் அணிந்தவர் யூஜின் கிறிஸ்டோஃப். 1913-இல் டுர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவடு முறிந்தது. பிறர் உதவியை ஏற்கக் கூடாது என்பது அன்றைய விதி. எனவே சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து ஒரு சிற்றூரின் கொல்லன் பட்டறையை அடைந்து, அதிகாரிகள் பக்கத்தில் நின்று கண்காணிக்க, இரும்பைக் காய்ச்சித் தாமே அடித்து ஒட்டினார். துருத்தியை ஊத மட்டும் ஒரு சிறுவன் உதவினான். அதற்கும் தண்டனை நேரம் விதித்தார்கள்! 1919-இல் மஞ்சள் சட்டையோடு வெற்றியை நெருங்கியபோதும் அதேபோல் கவடு முறிந்தது. மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இன்று அவருக்கு நினைவுப் பலகை இருக்கிறது. எத்தனையோ வெற்றியாளர்களுக்குக் கிடைக்காத பெருமை அது.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஐந்து மணி நேரம் ஓட்டுபவர்கள் சிறுநீர் கழிக்க என்ன செய்கிறார்கள்? (வாசகர், திருச்சி)

நிறுத்துகிறார்கள். பந்தயம் சற்று நிதானப்படும் வேளையில் பலரும் சேர்ந்து சாலையோரம் ஒதுங்குவது வழக்கம். மஞ்சள் சட்டைக்காரர் இதற்காக நிற்கும்போது யாரும் வேகமெடுத்து ஓடக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். வீடுகளுக்கு அருகிலோ மக்கள் பார்க்கும்படியோ ஒதுங்கினால் அபராதம் உண்டு. அது எழுதப்பட்ட சட்டம்.

கேள்வி: எல்லோரும் ஊக்கமருந்து உட்கொள்பவர்கள்தானே? இதை எதற்குக் கொண்டாட வேண்டும்? (வாசகர், கோயம்புத்தூர்)

'எல்லோரும்' என்ற சொல்லை ஏற்க மாட்டேன். உங்கள் சினத்தை ஏற்கிறேன். 1967 ஜூலை 13 அன்று மோன் வென்டூ மலையின் உச்சிக்கு அருகில் பிரிட்டன் வீரர் டாம் சிம்ப்சன் கடும் வெயிலில் சரிந்து விழுந்து இறந்தார்; அவர் உடலில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்து இருந்தது. 1998-இல் ஃபெஸ்டினா அணியின் கார் எல்லையில் சோதிக்கப்பட்டபோது பெட்டி பெட்டியாக மருந்துகள் சிக்கின. அக்காலத்தில் பரவியிருந்தது ஈ.பி.ஓ.; இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கி, தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிஜன் செல்ல வைக்கும் மருந்து அது. இரத்தம் குழம்பாகித் தடித்துவிடும் என்பதால் உயிருக்கே ஆபத்து. அடுத்த ஆண்டு தொடங்கி 2005 வரை ஏழு முறை தொடர்ந்து வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் அனைத்தும் 2012-இல் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுகளுக்கும் வெற்றியாளர் பெயரே இல்லாமல் பட்டியல் வெற்றிடமாக இருக்கிறது; இரண்டாமவருக்குக் கொடுக்கவும் நிர்வாகத்துக்கு நம்பிக்கை வரவில்லை என்பதுதான் அதன் பொருள். இப்போது ஒவ்வொரு வீரரின் இரத்த அளவுகளும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்யப்பட்டு, இயல்புக்கு மாறான ஏற்ற இறக்கம் தெரிந்தால் விசாரிக்கப்படுகிறது. பழைய ஐயம் முழுவதும் நீங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. வியெட்டோ உட்கார்ந்த கல்சுவரை ஆம்ஸ்ட்ராங்குக்காக மறந்துவிட எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: பெண்களுக்கு இப்பந்தயம் உண்டா? (மாணவி, மதுரை)

உண்டு, ஆனால் நெடுங்காலம் இல்லாமலிருந்தது. 1984-இல் ஆண்கள் பந்தயத்தோடு சேர்த்து நடத்தப்பட்டபோது அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்றார். 1989-க்குப் பிறகு அது நின்றுபோனது. 2022-இல் எட்டுக் கட்டங்களோடு மீண்டும் தொடங்கியபோது நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் வென்றார். 2024-இல் ஆல்ப் டுவெஸ் மலையுச்சியில் முடிந்த கடைசி நாளில் போலந்தின் காஷா நியெவியடோமா, டெமி வாலரிங்கை 4 விநாடியில் முந்தினார். லெமாண்டின் எட்டில் பாதி என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: கடைசியாக வருபவர் ஏன் விலகிவிடக் கூடாது? அவருக்கு என்ன கிடைக்கப்போகிறது? (வாசகர், புதுச்சேரி)

கடைசி இடத்துக்கு 'சிவப்பு லாந்தர்' என்று பெயர்; ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கிலிருந்து வந்தது. விரும்பியபடி மெதுவாக வந்து அந்தப் பெயரைப் பெற்றுவிட முடியாது. அன்று முதலில் வந்தவரின் நேரத்தோடு குறிப்பிட்ட விழுக்காட்டைக் கூட்டி ஒரு கெடு வைக்கிறார்கள். அதைத் தாண்டினால் மறுநாள் புறப்பட முடியாது. சமவெளியில் மின்னலாய்ப் பாயும் கனத்த உடல்வாகுள்ள வீரர்கள் மலை நாட்களில் பின்னால் ஒன்றுசேர்ந்து, கணக்குப் பார்த்து, ஒருவருக்கொருவர் வேகம் பிடித்துக் கொடுத்து அந்தக் கெடுவுக்குள் வந்து சேர்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அக்கூட்டத்தை 'பஸ்' என்று அழைக்கிறார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். மார்க் கேவண்டிஷ் 2018-இல் ஆல்ப்ஸ் மலைக் கட்டம் ஒன்றில் கெடுவைத் தாண்டி வெளியேற்றப்பட்டார். அதே கேவண்டிஷ் 2024-இல் தமது 35-ஆவது கட்ட வெற்றியைப் பெற்று, பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸின் 34 கட்ட வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்தார். 2018-இல் மனம் விட்டிருந்தால் அது நடந்திருக்காது, போதுமா பதில்?

கேள்வி: மூன்று வாரமும் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரே ஒரு நாள் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்? (வாசகி, சென்னை)

கட்டங்களின் அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வெளிவந்துவிடும். அதில் இரண்டு மூன்று பெரிய கணவாய்களைக் கடந்து மலையுச்சியில் முடியும் நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்; டுர்மலே, கலிபியே, மோன் வென்டூ ஆகிய பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. மலைகளை நான்காம் தரம் முதல் முதல் தரம் வரை கடுமைக்கேற்ப வகுத்து, அதற்கும் மேலானவற்றைத் 'தரத்துக்கு அப்பாற்பட்டவை' என்று தனியே வைத்திருக்கிறார்கள். நீங்கள் தேட வேண்டியது அந்தக் கடைசி வகை. பிரான்சில் மாலை ஐந்தரை மணி அளவில் முடியும் கட்டம் நமக்கு இரவு ஒன்பது மணி. வெற்றியாளர் கையை உயர்த்தியதும் தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டாம். ஒளிபரப்பாளர் மனம் வைத்தால், அரை மணி கழித்துப் 'பஸ்' வந்து சேருவதையும் காட்டுவார்கள். அதில் அன்று முழுவதும் தண்ணீர்ப் புட்டி சுமந்தவர்களைத் தேடிப் பாருங்கள்.