ரத்தக் கொழுப்பும் சுண்டெலியின் சிறுநீரகமும்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், ரத்தத்தில் கொழுப்பு கூடினாலே சுண்டெலிக்குச் சிறுநீரகம் கெட்டுவிடுமா?

பதில்: நல்ல சிறுநீரகம் வெகுநாள் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தில்தான் கொழுப்பு தன் வேலையைக் காட்டுகிறது. சர்க்கரை நோயோ, ஒரு சிறுநீரகத்தை அகற்றியதோ முதல் அடி. கொழுப்பு இரண்டாவது அடி. 1982-இல் சிறுநீரக மருத்துவர் ஜான் மூர்ஹெட்டின் குழுவினர் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கருதுகோளை வைத்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிச் சிறுநீரில் புரதம் போனால், ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் கொழுப்புப் புரதங்களைக் கல்லீரல் அதிகமாகச் சுரக்கும். அது திரும்ப வந்து அதே வடிகட்டியை மேலும் கெடுக்கும். எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாத இந்தச் சுழல்தான் இந்தத் துறையின் பெரிய தலைவலி.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்கு எந்தச் சுண்டெலியை எடுக்கலாம்?

பதில்: சாதாரணச் சுண்டெலி வேண்டாம், தம்பி. கொலஸ்ட்ராலை ஹெச்டிஎல் என்ற 'நல்ல' கொழுப்புப் புரதத்திலிருந்து எல்டிஎல் போன்ற 'கெட்ட' வகைகளுக்கு மாற்றும் சிஇடிபி என்ற புரதமே அதற்குக் கிடையாது. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி ஹெச்டிஎல்-இலேயே இருக்கும். மொத்தமும் 100 மி.கி./டெ.லி. அளவில்தான் நிற்கும். ரத்தக் கொழுப்பை அகற்ற உதவும் ஏபோ-ஈ புரதத்தின் மரபணுவை நீக்கி 1992-இல் உருவாக்கிய சுண்டெலியில் வழக்கமான தீவனத்திலேயே 400, 500 என்று ஏறிவிடும். எல்டிஎல்-ஐச் செல்லுக்குள் இழுக்கும் ஏற்பியை நீக்கி 1993-இல் வந்த வகைக்குக் கொழுப்புத் தீவனமும் கொடுக்க வேண்டும்.

இனத்தையும் பாருங்கள். 'பிளாக்-6' என்ற ஆய்வகச் சுண்டெலி இனம் சிறுநீரகத் தழும்புக்கு எளிதில் மசியாது. 129 இனம் சீக்கிரம் பாதிக்கப்படும். பிளாக்-6-இல் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் கொழுப்பு தீங்கற்றது என்று எழுதிவிடாதீர்கள். நான் பதறுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் அளவை மட்டும் ரத்தத்தில் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. கிரியாட்டினினை அளக்கும் வழக்கமான ஜாஃபே முறை சுண்டெலி ரத்தத்தில் அளவைக் கூட்டிக் காட்டும். சிறுநீரில் கசியும் ஆல்புமின் புரதத்தின் அளவும் திசுப் பரிசோதனையும் கட்டாயம்.

கேள்வி: செல்லுக்குள் என்னதான் நடக்கிறது?

பதில்: ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல்-ஐ மேக்ரோஃபேஜ்களும் (விழுங்கும் எதிர்ப்புச் செல்கள்) வடிகட்டியைத் தாங்கும் மெசாஞ்சியல் செல்களும் விழுங்கி, கொழுப்பு நிறைந்த நுரைச்செல்களாகின்றன. தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் சுரந்து தழும்பு வளர்கிறது. சிறுநீரக நுண்குழாய்ச் செல்களோ கொழுப்பு அமிலத்தை எரித்துத்தான் பிழைக்கின்றன. நோயில் அந்த எரிப்பு மங்கிக் கொழுப்பு தேங்கிவிடும். வடிகட்டியைப் போர்த்தியிருக்கும் போடோசைட் செல்களிலும் கொலஸ்ட்ரால் சேரும். சர்க்கரை நோயுள்ள பருத்த சுண்டெலிகளுக்கு கொலஸ்ட்ராலைப் பற்றி இழுக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருளைக் கொடுத்துச் செல்லிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியேற்றியபோது சிறுநீரில் ஆல்புமின் குறைந்தது. அதனால்தான் ரத்தத்தில் ஓடும் அளவைவிடச் செல்லில் தங்கிப்போன கொழுப்பைக் கவனியுங்கள் என்று விடாமல் சொல்கிறேன்.

கேள்வி: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து கொடுத்த சுண்டெலிகளுக்குச் சிறுநீரகம் தேறியதாகப் படித்தேன். அப்பாவுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். அவருக்கும் அப்படித் தேறுமா?

பதில்: சுண்டெலியில் ஸ்டாட்டின் ரத்தக் கொலஸ்ட்ராலைப் பெரிதாகக் குறைப்பதே இல்லை, ஸ்டாட்டின் தடுக்கிற, கொலஸ்ட்ரால் செய்யும் நொதியையே கல்லீரல் கூடுதலாகச் செய்து ஈடுகட்டிவிடும். அங்கே கிடைத்த பலன் பெரும்பாலும் அழற்சி தணிந்ததால் வந்தது. மனிதர்களில், 2011-இல் வெளியான 'ஷார்ப்' ஆய்வு சுமார் 9,270 சிறுநீரக நோயாளிகளில் ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்னொரு மருந்தான எசெட்டிமைபும் சேர்த்துக் கொடுத்து, மறுபாதிக்குப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 17% குறைந்தன. சிறுநீரகம் செயலிழப்பதை அது தடுக்கவில்லை. அப்பாவின் மாத்திரை அவர் இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் காவல். சிறுநீரகம் தேறவில்லையே என்று அதை நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள்.