இட்லி மாவுத் தொழில்: வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

கேள்வி: தனியார் அலுவலகத்தில் 28,000 ரூபாய் சம்பளம். சேமிப்பு 3 லட்சம். இட்லி மாவு விற்க இரண்டு வருடமாக யோசிக்கிறேன். பையன் பத்தாம் வகுப்பு, கடை வாடகை, பெரிய கிரைண்டர் விலை என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. துணிந்து வேலையை விட்டுவிடலாமா? – வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். ஆனால் இந்த மாதமே அரைக்கத் தொடங்குங்கள்.

அந்த மூன்றையும் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'இது தீர்ந்தால் மறுநாள் காலையில் முதலில் என்ன செய்வேன்?' என்பதற்குப் பதில் எழுதுங்கள். பதில் வந்தால் அது நிஜமான தடை, வராவிட்டால் சாக்கு. பையன் பரீட்சை முடிந்தால் பிளஸ் ஒன் சேர்க்கை வந்து நிற்கும். கடையும் பெரிய கிரைண்டரும் முதல் நாளே வேண்டியவை அல்ல.

உங்கள் பயம் 3 லட்சமும் போய்விடுமே என்பதுதான். அவ்வளவையும் பணயம் வைக்க யார் சொன்னது? ஆறு மாத வீட்டுச் செலவை ஒதுக்கி, வைப்பு நிதியில் போட்டுவிடுங்கள். சோதனைக்கு 5,000 ரூபாய் போதும். நகையை அடகு வைக்கவே வேண்டாம். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுத்துவிட்டு விற்கத் தொடங்குங்கள்.

சனி மாலை 2 கிலோ இட்லி அரிசி, அரை கிலோ உளுந்து. வீட்டு கிரைண்டரில் நாலு தடவை அரைத்தால் குறைந்தது பத்து அரைக்கிலோ பாக்கெட் தேறும். அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். கல் சூடேறினால் மாவு சீக்கிரம் புளித்துவிடும். சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும், பாக்கெட்டும் உப்பிப் பிதுங்கும். அதனால் முக்கால்வாசி மட்டும் நிரப்பி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஞாயிறு காலை விற்பனை. இப்படி எட்டு வாரம்.

சொந்தக்காரர்கள் வாங்குவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது முகதாட்சண்யம். தெரியாதவர்களில் மறு வாரமும் கேட்டு வருபவர்களை மட்டும் எண்ணுங்கள். எட்டாவது வாரம் அப்படி ஐந்து வீடுகூட இல்லையென்றால் நிறுத்திவிடலாம். அந்த எண்ணை இன்றே எழுதி வைத்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் மனம் தனக்குச் சாதகமாகத்தான் மாற்றும். விலை போடும்போது உங்கள் கூலியையும் சேருங்கள். மளிகைக் கடைக்குப் போட்டால் விற்காத பாக்கெட் உங்களிடமே திரும்பும், பணமும் கடனில் நிற்கும். முதல் இரண்டு மாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பக்கத்தொழிலுக்குத் தடை உண்டா என்று உங்கள் நியமன ஆணையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பெரிய கிரைண்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் மானியம் பற்றி விசாரியுங்கள். வாங்கிவிட்டுப் போனால், நடக்கிற தொழிலுக்குப் புதுத்தொழில் மானியம் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிடக்கூடும்.