ஸ்கிரீன்ஷாட்டை அழித்தால் தடயமும் அழியுமா?

எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிட்டால், அதை எடுத்ததே தெரியாமல் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸில் அது அவ்வளவு எளிதன்று. விண்டோஸ் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அழுத்தும்போது, படம் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் பி.என்.ஜி. கோப்பாக, வரிசை எண்ணோடு சேமிக்கப்படுகிறது; அடுத்து இடவேண்டிய எண்ணோ, ‘ஸ்கிரீன்ஷாட்இண்டெக்ஸ்’ என்ற பெயரில், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தனியே பதிவாகிறது. ஃபோல்டரில் 41-ஆம் படத்தோடு வரிசை நின்றிருக்க, ரெஜிஸ்ட்ரி 45 என்று காட்டினால், இடையிலிருந்த மூன்று படங்கள் அழிக்கப்பட்டனவா, பெயரோ இடமோ மாற்றப்பட்டனவா என்ற கேள்வி உடனே எழும்.

என்னைக் கேட்டால், இதைவிட மதிப்புள்ளது, கோப்புகளின் சிறுபடங்களை விண்டோஸ் சேமித்துவைக்கும் தம்ப்நெய்ல் கேஷ்தான். ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோது உருவான சிறுபடம், மூலக் கோப்பு நீங்கிய பிறகும் அங்கே எஞ்சியிருக்கக்கூடும். எழுத்துகள் மங்கலாக இருந்தாலும், அது வங்கிப் பக்கமா, அரட்டைத் திரையா என்பதைப் பெரும்பாலும் அடையாளம் காணலாம்.